எப்ப வேணா படிக்கலாம்

எங்கள் வார்டில் டூட்டி லிஸ்ட்டைப் பென்சிலில்தான் எழுதுவார்கள். மாதக் கடைசியில் இன்சார்ஜ் சிஸ்டர் நீள நோட்டு ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மார்னிங், ஈவினிங், நைட், ஆஃப் என்று கட்டம் கட்டமாக நிரப்புவார். யார் வீட்டிலாவது குழந்தைக்குக் காய்ச்சல், யாருக்காவது ஊரில் சாவு என்றால் ரப்பர் வெளியே வரும். 2018இலிருந்து 2023 வரைக்கும் அந்த ரப்பர் அதிகமாக அழித்தது என் பெயருக்கு நேரே இருந்த ஆஃப்களைத்தான். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

மற்றவர்களுடைய ஆஃப் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, கோயிலுக்கு. அந்தத் தேதிகள் நகராது. என்னுடையது, தபால் வழியில் நர்சிங் டிகிரி படிப்பதற்கு. "உனக்குத்தான் தினமும் கிளாஸ் கிடையாதே, எப்ப வேணா படிக்கலாமே" என்பார் இன்சார்ஜ். அதட்டிச் சொல்ல மாட்டார். மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி எனக்கு இருக்கிறது என்று மனசார நம்பித்தான் சொல்வார். முதல் ஒரு வருடம் நானும் அதை நம்பினேன்.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு 2004இல் டிப்ளமோ நர்சிங் சேர்ந்தவள். ஜி.என்.எம். என்பார்கள். அப்போது மூன்றரை வருடம். பிறகு மூன்று வருடமாகக் குறைத்துவிட்டார்கள். படித்து முடித்து, கவுன்சிலில் பதிந்து, சென்னை வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, பத்து வருடம் ஓடியபிறகுதான் டிகிரி வாங்கினால் என்ன என்று தோன்றியது. சம்பளம் ஏறிவிடும் என்ற கணக்கெல்லாம் இல்லை. எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமாக அரசு நர்ஸ் வேலைக்கு எடுக்கும்போதுகூட டிப்ளமோவே போதும். ஆனால் மேலே எம்.எஸ்சி. என்று ஒன்று படிக்க நினைத்தால் பி.எஸ்சி. இல்லாமல் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அதோடு, டிப்ளமோ படிப்பையே எடுத்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு அந்தச் சமயம் எல்லா நர்சிங் ஸ்டேஷனிலும் ஓடியது. ஆளாளுக்கு பயந்துகொண்டிருந்தோம்.

டிகிரிக்கு எனக்கு இருந்தவை இரண்டு வழிகள். கல்லூரியில் சேர்ந்து டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை இரண்டு வருடம் முழுநேரமாகப் படிக்கலாம். அதற்கு வேலையை விட வேண்டும். விட்டால் வாடகை யார் கொடுப்பது? இன்னொரு வழி, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வேலையில் இருந்துகொண்டே, குறைந்தது மூன்று வருடம். அதற்கும் நுழைவுத் தேர்வு உண்டு. பதிவு பெற்ற நர்ஸாக இருக்க வேண்டும், வேலை பார்த்த அனுபவமும் வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வியாசர்பாடிப் பக்கம் போனால் சுவரெல்லாம் 'ஆறே மாதத்தில் நர்சிங், வேலை உறுதி' என்று போஸ்டர். அதைப் பார்த்துவிட்டு, தெருவில் என்னை நிறுத்தி, "யக்கா, நீ தபால்ல தானே படிச்ச, எம் பொண்ணையும் அப்டியே சேத்துர்லாமா?" என்று கேட்பவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். முடியாது. புதிதாக நர்ஸ் ஆவதற்குத் தபால் வழியே கிடையாது. தியரி வகுப்புக்கு 80 சதவீதம் வருகை போதும் என்று சொல்கிற இந்திய நர்சிங் கவுன்சில், செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் பட்டம் கொடுக்கும் முன் 100 சதவீதம் கேட்கிறது. நரம்பு தேடுகிற விரலுக்கு அந்த இருபது சதவீதத்தைத் தள்ளுபடி செய்ய முடியாது. மெதுவாகப் படிக்கிற சலுகையெல்லாம் ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களுக்குத்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். போனால் பத்து நாள், சில சமயம் அதற்கும் மேலே. கரைக்கு வந்தால் இரண்டு நாள் தூக்கம். வருடத்தில் அவர் தொடர்ச்சியாக வீட்டில் இருப்பது தடைக்காலத்தில் மட்டும்தான். மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். எல்லாப் படகும் கரையில் கிடக்கும். வலை பின்னுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். காசு புழங்காத மாதங்கள் அவை. நகை சேட்டுக் கடைக்குப் போவதும் அப்போதுதான்.

எனக்குப் பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும். முதல் வருடம் இது எதையும் யோசிக்காமல் பாதிப் பாடத்தை டிசம்பருக்கு வைத்துக்கொண்டேன். டிசம்பர் என்றால் வடசென்னையில் என்ன நடக்கும்? தெருவில் முழங்கால் தண்ணீர், வார்டில் டெங்கு, வீட்டுக்காரர் கடலில், டி.வி.யில் புயல் சின்னம். கையில் மைக்ரோபயாலஜி புத்தகம் இருக்கும், காது முழுக்க வானிலை அறிக்கையில் இருக்கும். இரண்டு பேப்பர் போனது. அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. கஷ்டமான பேப்பர் எல்லாம் ஜூனுக்கு. டிசம்பரில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தடைக்காலத்தில் அவர் சமைப்பார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். கை வைத்தால் மீன் குழம்பு மட்டும்தான் வரும், அதுவும் தடைக்காலத்தில் கருவாடுதான். இருந்தாலும் நைட் டூட்டி முடிந்து வந்து மதியம் வரை தூங்கி எழுந்தால், சாயங்காலம் நான்கு மணி நேரம் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். காசு இல்லாத இரண்டு மாதம்தான் எனக்குப் படிப்பு ஏறிய இரண்டு மாதம். ஒன்று இருந்தால் ஒன்று இல்லை.

2020இல் அந்தக் கணக்கும் குழம்பியது. கொரோனா ஊரடங்கால் கடலுக்குப் போகாமலே நாள் போனதால், அந்த வருடம் தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்து மே 31இலேயே முடித்துவிட்டார்கள். ஜூன் பரீட்சையோ தள்ளிப்போனது. அந்த மே மாதம் சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று அதிகம். பி.பி.இ. பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்ற நாட்களில் புத்தகம் எந்த அலமாரியில் இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. முழுநேரப் படிப்பாக இருந்திருந்தால் அந்த வருடத்தோடு விட்டிருப்பேன். மெதுவான படிப்பு என்பதால் அது எனக்காகக் காத்திருந்தது. இதையும் சொல்ல வேண்டும்.

என் மாமியாருக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு புரியவே இல்லை. "இன்னாடி படிப்பு இது, முடியவே மாட்டேங்குது? டாக்டருக்குப் படிக்கிறவனே அஞ்சு வருஷத்துல வெளிய வந்துர்றான்" என்பார். "இல்ல அத்தை, இது மெதுவா படிக்கிறது" என்றால், "மெதுவா படிக்கிறதுக்கு எதுக்கு இவ்ளோ துட்டு?" என்று அடுத்த கேள்வி. அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆனால் மெதுவாகப் போனதில் ஒரு விஷயம் நடந்தது. உயிர்வேதியியலில் நீரிழிவு பற்றி ஒரு பாடம். கல்லூரியில் இதை ஒரு மதியத்தில் நடத்தி முடித்துவிடுவார்கள். நான் அதில் ஏழு வாரம் கிடந்தேன். டூட்டி, பெரியவனுக்கு அம்மை, அப்புறம் அடுத்தவருக்காகப் போட்ட நைட், இப்படியே. அந்த ஏழு வாரத்துக்குள் காசிமேட்டில் மீன் வெட்டுகிற அம்மா ஒருவர் எங்கள் வார்டுக்கு வந்தார். காலில் கெளுத்தி முள் குத்தி, மஞ்சள் வைத்துக் கட்டி, பத்து நாள் அப்படியே வேலைக்குப் போயிருக்கிறார். வரும்போது கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. சர்க்கரை 480. மூச்சு ஆழமாக, வேக வேகமாக வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனால் கனிந்த பழ வாடை.

இந்த மாதிரி கேஸை நான் பத்து வருடத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சலைன் ஓடவிடுவேன், இன்சுலின் ஏற்றுவேன், டாக்டர் எழுதினால் பொட்டாசியம் சேர்ப்பேன். ஏன் சேர்க்கிறோம் என்று கேட்டால், "ஆர்டர்" என்பேன். அன்றைக்குத்தான் அந்த மூச்சு எதற்கு என்று எனக்குப் புரிந்தது. இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கிறது, ரத்தம் அமிலமாகிறது, அந்த அமிலத்தை நுரையீரல் ஊதி ஊதி வெளியே தள்ளப் பார்க்கிறது. இன்சுலின் ஏற்றியதும் ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியம் செல்லுக்குள் ஓடிவிடும், அளவு குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். டிரிப் மாட்டும் முன்னால் லேபுக்குப் போன் போட்டு, "பொட்டாசியம் ரிப்போர்ட் வந்துதா?" என்று கேட்டேன். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், திரும்பி ஒரு பார்வை பார்த்தான். எனக்கு டிகிரி கிடைத்தது 2023இல் என்று சான்றிதழ் சொல்கிறது. எனக்கு அன்றைக்கே கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது.

அந்த அம்மாவுக்கு உணவுப் பட்டியல் எழுதும்போது இன்னொன்று. ஊட்டச்சத்துப் பாடத்துக்கான அசைன்மென்ட்டை அவரை வைத்தே செய்தேன். கோதுமை பிரெட்டும் ஆப்பிளும் எழுதிக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? காலை மூன்று மணிக்குத் துறைமுகத்தில் நிற்கிறவர். கேழ்வரகுக் கூழ் எந்த அளவு, சோற்றைக் குறைத்துக் கானாங்கெளுத்தியும் கீரையும் எவ்வளவு, வெறும் வயிற்றில் டீ எத்தனை, அதில் சர்க்கரை எவ்வளவு என்று அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். "நீ எங்காளா கண்ணு?" என்றார். ஆமாம் என்றதும் டீக்கணக்கை உண்மையாகச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒன்பது.

சமூக நலப் பாடத்துக்கு வீடு வீடாகப் போய்க் குடும்ப விவரம் எடுத்ததையும் மறக்க முடியாது. என் சொந்தத் தெருதான். ஆனால் கையில் அட்டையும் பேப்பரும் பார்த்ததும், "வீடு எடுக்கப் போறாங்களா?" என்று கேட்டுக் கதவைப் பாதி சாத்திக்கொண்டார்கள். வீட்டைக் காலி செய்ய வைக்க அளவெடுக்க வந்தவர்களை நிறையப் பார்த்த தெரு. கடைசியில் பி.பி. மெஷினை எடுத்து வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். தானாக வரிசை வந்தது.

எல்லாம் இப்படி நன்றாகவே போகவில்லை. 2021 ஜூனுக்கான பரீட்சைகளில் புள்ளியியல் பேப்பர் அன்று காலை பத்து மணிக்கு நான் ஹாலில் இருந்திருக்க வேண்டும். முந்தைய இரவு எனக்கு ஆஃப். மதியம் போன் வந்தது. நைட்டுக்கு வரவேண்டியவர் வரவில்லை, "நீ வந்து ரெண்டு மணி வரைக்கும் பாத்துக்கோ, அப்புறம் ஆள் அனுப்புறோம்." ஆள் வரவில்லை. ஐந்து மணிக்கு ஒரு நோயாளிக்கு மூச்சு நின்று, எட்டரைக்கு அவரை ஐ.சி.யு.வில் ஒப்படைத்து, குறிப்பு எழுதி நிமிர்ந்தபோது ஒன்பதே முக்கால். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி உட்கார்ந்தவள் அங்கேயே தூங்கிவிட்டேன். எங்கே இறங்க வேண்டுமோ அதைத் தாண்டி எங்கோ கண் விழித்தேன். அந்த ஒரு பேப்பருக்காக ஆறு மாதம்.

மறுநாள் இன்சார்ஜிடம் சொன்னேன். வருத்தப்பட்டார், நிஜமாகவே. "பரவால்ல, டிசம்பர்ல எழுதிக்கலாம்ல?" என்றார். எழுதிக்கலாம்தான். வளைந்து கொடுக்கிற படிப்பு என்று அதைச் சொல்கிறார்கள். வளைகிறது என்று தெரிந்தால் எல்லாரும் அதைத்தான் வளைக்கிறார்கள்: மருத்துவமனை, மாமியார், பிள்ளைகள், சில நாள் நானேகூட. அன்றிலிருந்து யார் கேட்டாலும் படிக்கிறேன் என்று சொல்வதை நிறுத்தினேன். "அன்னிக்கு ஒரு விசேஷம் இருக்கு" என்றேன். விசேஷம் என்ற சொல்லை அழிக்க எந்த ரப்பருக்கும் துணிச்சல் வரவில்லை. இரண்டு வருடத்தில் எனக்கு எத்தனை ஒன்றுவிட்ட தங்கச்சிகளுக்குக் கல்யாணம் நடந்தது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

போன வருடம் எங்கள் வார்டு ஸ்டாஃப் ஒரு பெண், எர்ணாவூரிலிருந்து வருகிறவள், அதே படிப்பில் சேர்ந்தாள். மே மாதம் இன்சார்ஜ் லீவில் போக, டூட்டி லிஸ்ட் போடும் வேலை என் தலையில் விழுந்தது. நோட்டை எடுத்தேன். முதலில் அவளுடைய பரீட்சைத் தேதிகளைக் கேட்டு, அதற்கு முந்தைய இரவுகளையும் சேர்த்து, நீலப் பேனாவில் ஆஃப் என்று எழுதினேன். மற்றவர்களுக்கெல்லாம் வழக்கம்போலப் பென்சில். அவளுக்குப் பதிலாக மூன்று நைட் அதிகமாக விழுந்த சிஸ்டர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.