வேரியபிளின் பண்புகளைக் கட்டி மேய்க்க ஒரு சி புரோகிராம்

சர்வே தரவைப் படித்து அட்டவணை போடும் சின்ன புரோகிராம் ஒன்றைச் சி மொழியில் பொழுதுபோக்காக எழுதி வருகிறேன். சராசரி, திட்டவிலக்கம் எல்லாம் ஓடுகின்றன; அவற்றில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வேலை வாங்குவது வேரியபிளின், அதாவது சர்வேயின் ஒவ்வொரு கேள்விக்கும் உரிய தரவு நெடுவரிசையின், பண்புகள்தான்: பெயர், அகலம், விளக்க லேபிள், ஒவ்வொரு மதிப்புக்கும் உரிய லேபிள், எதையெல்லாம் விடுபட்ட மதிப்பாகக் கொள்வது, எந்த வடிவத்தில் காட்டுவது. 1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை, 9 என்றால் பதில் சொல்லவில்லை. இந்தத் தகவல் தொலைந்துபோனால், அந்த 9-ஐயும் சேர்த்துக் கூட்டிச் சராசரி என்று ஒரு எண் வந்து நிற்கும்.

மாதிரியாக எடுத்துக்கொண்டது குனு பிஎஸ்பிபி. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கு மாற்றாக வந்த கட்டற்ற மென்பொருள், சி-யில் எழுதியது, சோர்ஸ் கோடை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் எண்ணா ஸ்ட்ரிங்கா (எழுத்துத் தொடரா) என்பதை அகலமே சொல்லிவிடுகிறது: 0 என்றால் எண், 1 முதல் 32,767 வரை என்றால் அத்தனை பைட் ஸ்ட்ரிங். இந்தச் சிக்கனம் பிடித்துப்போய் அப்படியே எடுத்துக்கொண்டேன். இன்னொன்று, வேரியபிள் ஸ்ட்ரக்டின் (பண்புகளை ஒன்றாக அடைத்து வைக்கும் சி அமைப்பு) உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியே தெரியாது. ஒவ்வொரு பண்பையும் அதற்கான ஃபங்ஷன் வழியாகத்தான் தொட முடியும்.

இது எதற்கு என்று முதலில் தோன்றும். அகலத்தை மாற்றும் ஃபங்ஷனை எழுத உட்கார்ந்தால் புரிந்துவிடும். 8 பைட் ஸ்ட்ரிங் வேரியபிள் ஒன்றை 4 பைட்டாகக் குறைக்கிறோம் என்று வையுங்கள். அதன் விடுபட்ட மதிப்பு ‘9999’ என்றால் சிக்கல் இல்லை. மீதி நான்கு பைட்டும் வெற்றிடம், வெட்டிவிடலாம். அதுவே ‘999912’ என்று இருந்தால்? வெட்டினால் ‘9999’ மிஞ்சும். அது வேறு மதிப்பு, ஒருவேளை யாரோ உண்மையிலேயே சொன்ன பதிலாகவும் இருக்கலாம். அதனால் வெட்டுப்படும் பைட் எல்லாம் வெற்றிடம்தானா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மதிப்பு லேபிள்களுக்கும் இதே சோதனை. காட்டும் வடிவத்தையும் புது அகலத்துக்கு ஏற்பத் திருத்தியாக வேண்டும். ஒரு எண்ணை மாற்றப் போய் மூன்று பண்புகள் கூடவே அசைகின்றன. அகலம் இருக்கும் ஃபீல்டை எவரும் நேரே எழுதலாம் என்று விட்டிருந்தால் இதில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

பொருந்தாத விடுபட்ட மதிப்புகளையும் லேபிள்களையும் பிஎஸ்பிபி மொத்தமாகத் துடைத்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. என் ஃபங்ஷன் எதையும் தொடாமல் பிழைக் குறியீட்டைத் திருப்பித் தருகிறது. அழிப்பதா வேண்டாமா என்பதை அழைத்தவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

பெயர் இன்னொரு தலைவலி. எஸ்பிஎஸ்எஸ் ஃபைலில் முழுப்பெயர் 64 பைட் வரை போகலாம், ஆனால் பழைய வழக்கப்படி 8 பைட் குறும்பெயரும் வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ‘வயது’ என்ற பெயரில் வ, ய, த, உகரக்குறி என நான்கு குறியீடுகள், ஆக 12 பைட். கண்ணை மூடிக்கொண்டு எட்டில் வெட்டினால் ‘வய’ போக, த-வின் முதல் இரண்டு பைட் மட்டும் குற்றுயிராகத் தொங்கும். அதனால் வெட்டும் இடத்தில் உள்ள பைட்டின் மேல் இரண்டு பிட் 10 என்று (ஒரு குறியீட்டின் நடுவில் உள்ள பைட்டின் அடையாளம் அது) இருக்கும்வரை பின்னால் நகர்கிறேன். எட்டாவது இடத்திலிருந்து ஆறாவது இடத்துக்கு வந்து ‘வய’ என்று சுத்தமாக நிற்கிறது. ‘வயல்’ என்று இன்னொரு வேரியபிள் வந்தால் அதுவும் ‘வய’ ஆகும் என்பதால், மோதல் வந்தால் கடைசியில் எண் சேர்க்கும் ஒரு ஃபங்ஷனும் கூடவே வந்தது. பெயரை மாற்றும் வேலையை, எல்லா வேரியபிள்களையும் வைத்திருக்கும் டிக்‌ஷனரியிடமே விட்டிருக்கிறேன். பெயரை வைத்துத் தேடும் ஹேஷ் டேபிள் அதனிடம்தான் இருக்கிறது.

விடுபட்ட மதிப்புகளுக்கு ஃபைல் வடிவமே ஒரு வரம்பு வைத்திருக்கிறது: அதிகபட்சம் மூன்று தனி மதிப்புகள், இல்லையென்றால் ஒரு வீச்சும் (இதிலிருந்து இதுவரை என்பது) அதோடு ஒரு தனி மதிப்பும். ஃபைலில் இதைக் குறிக்கும் எண் 1, 2, 3 என்றால் தனி மதிப்புகள். -2 என்றால் வீச்சு மட்டும். -3 என்றால் வீச்சோடு ஒன்று. எண்ணிக்கைக்கான இடத்தில் குறை எண்ணைப் போட்டு வேறு அர்த்தம் சொல்லும் குறும்பு இது. ஸ்ட்ரிங் வேரியபிளுக்கு வீச்சு கிடையாது. இது தவிர, கணினியே வைக்கும் விடுபட்ட மதிப்பு, டபுள் என்ற தசம எண் வகையில் பூஜ்யத்துக்குக் கீழே ஆகக் கடைசியில் உள்ள குறை எண். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இதற்கு எண்ணே அல்லாத ‘நான்’ (NaN) மதிப்பு ஒன்றைப் பயன்படுத்துகிறது. ‘நான்’ தன்னோடு தானே சமமாகாது; தனிச்சோதனை எழுத வேண்டும். சாதாரண எண் என்றால் சமக்குறி போட்டே பார்த்துவிடலாம், எனவே பிஎஸ்பிபி வழியே போகிறேன்.

இப்போது கையில் இருப்பது பயனர் தானாகச் சேர்க்கும் பண்புகள். கேள்வியின் முழு வாசகம், யார் சரிபார்த்தது என எதை வேண்டுமானாலும் வேரியபிளோடு ஒட்டி வைக்கலாம். ஒரே பெயரில் பல மதிப்புகளை வரிசையாகவும் வைக்கலாம். நடுவில் ஒன்றை நீக்கினால் அடுத்தவை ஒரு இடம் முன்னால் வர வேண்டும். நினைவகத்தில் பைட்டுகளை நகர்த்தும் மெம்மூவ் ஃபங்ஷன் ஒரே வரியில் முடித்துவிட்டது, ஆனால் நீக்கும் ஸ்ட்ரிங்கை அதற்கு முன்பே விடுவித்துவிட வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் இந்த வழியிலேயே ஒரு ரகசியமும் வைத்திருக்கிறது: வேரியபிள் உள்ளீடா, இலக்கா என்ற பங்கு தனி ரெக்கார்டில் இல்லை, டாலர் குறியும் அட் குறியும் முன்னால் போட்ட ஒரு பண்பாக ஒளிந்திருக்கிறது. பட்டியல் போடும்போது அந்தக் குறிகளோடு தொடங்குபவற்றை மறைத்துவிடுகிறேன்.

ஃபைலில் எழுதும்போது ஒவ்வொரு மதிப்பும் ஒற்றை மேற்கோளுக்குள் போய், ஒரு புதுவரி பைட்டோடு முடிகிறது. படிக்கும்போது மேற்கோளை மட்டும் தேடாமல், மேற்கோளும் புதுவரியும் சேர்ந்து வருகிற இடத்தைத் தேடுகிறேன். மதிப்புக்குள்ளேயே மேற்கோள் இருந்தாலும் தாங்குகிறது.

255 பைட்டைத் தாண்டும் ஸ்ட்ரிங்குகளை இன்னும் தொடவில்லை. ஃபைலில் அவை பல துண்டுகளாகி, ஒவ்வொன்றும் தனி வேரியபிள் போலத் தனிக் குறும்பெயரோடு உட்கார்கின்றன. மேலே சொன்ன பெயர் மோதல் ஃபங்ஷனை அதற்காக மாற்றி எழுத வேண்டும். அதுவரை 255-க்கு மேல் அகலம் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுகிறது புரோகிராம்.