துணியில் சிவப்புக் கோடு

சற்று முன் டார்ச்சோடு கோழிக்கூட்டுக்குள் குனிந்தேன். கோழிகள் உட்காரும் கட்டையின் அடியில் ஒரு வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்தேன்.

துணியெல்லாம் ரத்தக் கோடுகள். கோழியின் ரத்தம் குடிக்கும் குட்டி ஒட்டுண்ணியான செள் நசுங்கிய தடம்.

பகலில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சிவப்புச் செள் அப்படித்தான். வெளிச்சத்தில் வெடிப்புக்குள் ஒளிந்திருக்கும், இருட்டியதும் ஏறிவந்து ரத்தம் குடிக்கும். கொண்டை வெளுத்ததும் முட்டை குறைந்ததும் இதனால்தான். பாவம், தூங்கவே விட்டிருக்காது.

கை முதலில் போனது வீட்டிலிருந்த பூச்சிமருந்துக்கு. நல்லவேளை, லேபிளைப் படித்தேன்.

பெர்மெத்ரின்.

காலடியில் பூனை உரசிக்கொண்டிருந்தது. கோழி தாங்கிக்கொள்ளும் அந்த மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும். அதன் கல்லீரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. மீனுக்கும் தேனீக்கும்கூட அது விஷம்தான். கோழிக்கென்றே உள்ள மருந்தானாலும், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் தொடமாட்டேன்.

காலையில் கட்டைகளைக் கழற்றி, வெடிப்பு வெடிப்பாகக் கொதிக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். பழைய வைக்கோலை அள்ளி எரிக்க வேண்டும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முழுச் செள்ளாக 7 நாள் போதும். அதனால் வாராவாரம் இதே வேலைதான். கூட்டைக் காலியாகப் போட்டாலும் சாகாது, மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

இன்று ராத்திரிக்கு எல்லாரையும் ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்கு மாற்றிவிட்டேன்.

சத்தமே இல்லை. தூங்குகிறார்கள்.