சாரமும் சென்ட்ரிங்கும்: பி.எட். வாரக் குறிப்பு எழுதிய கதை

பி.எட். முதலாம் ஆண்டில் கற்றல் உளவியல் தாளுக்கு வாரம் ஒரு குறிப்பு எழுத வேண்டும். படித்த பாடத்தையும் நம் வாழ்க்கையில் பார்த்ததையும் சேர்த்து ஒன்றரைப் பக்கம். கேட்க லேசாகத்தான் இருந்தது. முதல் மூன்று வாரமும் ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து பாடத்தையே சுருக்கி, கடைசியில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று ஒட்டிக் கொடுத்தேன். நோட்டு திரும்பி வந்தபோது சிவப்பு மையில் ஒரே வரி: "இந்தப் புத்தகம் என்னிடமும் இருக்கிறது."

அனுபவம், சிந்தனை, கருத்தாக்கம், சோதித்தல் என்று 1984இல் கோல்ப் என்ற கல்வியாளர் சொன்ன கற்றல் சுழற்சியை வரைந்து கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டம் கட்டமாக நிரப்பினால் ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி ஆகிவிடுகிறது. விட்டுவிட்டேன்.

நான்காவது வாரம், பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே. அவருடைய தண்ணீர்ச் சோதனையை ஐந்து வயது அண்ணன் மகனிடம் பாலை வைத்துச் செய்தேன். இரண்டு டம்ளரில் ஒரே அளவு. ஒன்றை ஒல்லியான கிளாஸுக்கு மாற்றினேன். கிளாஸில்தான் நிறைய என்றான். மறுபடி டம்ளரில் ஊற்றிக் காட்டினாலும், "எனக்குக் கிளாஸ்லயே குடு அத்தை." பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயதை ஒட்டித்தான் தெளியும் என்கிறது பாடம். 'பேராசைக்காரன்' என்று அவனை எத்தனை தரம் திட்டியிருப்பேன்! அதையே எழுதினேன். அந்த வாரம் சிவப்பு மை இல்லை.

ஆறாவது வாரம் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்து, காசநோயால் 37 வயதிலேயே போனவர். பிள்ளை தனியாகச் செய்வதற்கும் துணையோடு செய்வதற்கும் உள்ள இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார். அந்தத் துணையைக் கட்டடத்துக்குக் கட்டும் 'சாரம்' என்று சொன்னது அவர் இல்லை. உட், புரூனர், ராஸ் மூவரும் 1976இல் எழுதிய கட்டுரை.

என் அப்பா கொத்தனார். பிள்ளைக்குச் சாரம் கட்டி, தேறியதும் பிரித்துவிட வேண்டுமாம் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"சாரம் ஆள் நிக்கிறதுக்கும்மா. காங்கிரீட்டு இறுகுற வரைக்கும் தாங்குறது சென்ட்ரிங். நீ சொல்றது சென்ட்ரிங்."

எப்போது பிரிப்பீர்கள் என்றேன். "பக்கப் பலகையை மறுநாளே எடுத்துடலாம். அடி முட்டு நிக்கணும். ரூம் அகலமா இருந்தா இன்னும் கூட நாள் நிக்கணும்."

அப்போதுதான் பள்ளியில் நான் எடுத்த பின்னக் கூட்டல் வகுப்பு உறைத்தது. இரண்டு கணக்கு சரியாக வந்ததுமே, போட்டுக் காட்டிய கணக்கையும் அழித்து, காகிதப் பட்டைகளையும் வாங்கி வைத்துவிட்டேன். மூன்றாவது கணக்கில் பாதி வகுப்பு மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி வைத்திருந்தது. போட்டுக் காட்டிய கணக்கு பக்கப் பலகை, பட்டைகள் அடி முட்டு. இரண்டையும் ஒரே நாளில் உருவியிருக்கிறேன். அன்று ஒன்றரைப் பக்கம் போதவில்லை.

இப்போதெல்லாம் வியாழக்கிழமையே, பஸ்ஸில் வரும்போது, அந்த வாரம் இடித்த விஷயத்தை மட்டும் இரண்டு வரி குறித்துக்கொள்கிறேன். ஞாயிறு வரை வைத்தால் எல்லாம் வழவழவென்று ஆகிவிடுகிறது.

அந்தச் சென்ட்ரிங் குறிப்புக்குக் கீழே பேராசிரியர் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "காங்கிரீட்டுக்கு நாள் கணக்கு உண்டு. பிள்ளை இறுகியது எப்படித் தெரியும்?" இன்னும் பதில் எழுதவில்லை. அப்பாவிடம் கேட்டால், "டீச்சர் நீயா நானா?" என்கிறார்.