காசைத் தொடாத சபையின் புத்தகச் சிக்கல்

பிரான்சிஸ்கன் துறவற சபையைத் தொடங்கிய அசிசி பிரான்சிஸ் எழுதிய புகழுரை ஒன்றில் ஞானம் அரசி, அவள் சகோதரி எளிமை; வறுமை சீமாட்டி, அவள் சகோதரி தாழ்ச்சி. 1223இல் பாப்பரசர் ஒப்புதல் தந்த அவரது சபையின் விதி வறுமையில் இன்னும் கறார்: தலைமூடியுள்ள அங்கி ஒன்று, வேண்டுமானால் தலைமூடி இல்லாமல் இன்னொன்று, கிழிந்தால் சாக்குத்துணி ஒட்டு. காசை ஆள் வைத்தும் வாங்கக்கூடாது. பிரசங்கம் சுருக்கமாக இருக்கணும் (இதையாவது இன்றைக்குப் பின்பற்றலாம்!).

சிக்கல் புத்தகத்தில் வந்தது. பிரசங்கம் செய்யப் படிக்கணும். தோலில் கையால் எழுதிய புத்தகமோ பெரும் சொத்து. 1230இல் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரி வழி சொன்னார்: பயன்படுத்தலாம், உரிமை கூடாது. 1245இல் உரிமை பாப்பரசர் பக்கம் போனது. சாமர்த்தியம்தான், ஆனால் நிற்கவில்லை. தின்றால் தீர்ந்துபோகும் பண்டத்தில் பயன்பாட்டையும் உரிமையையும் எப்படிப் பிரிப்பது என்று 1322இல் பாப்பரசர் 22ஆம் யோவான் மடக்கி, பெரும்பாலானவற்றின் உரிமையைக் கைகழுவிவிட்டார்.