மெகா டிரைவ் கார் ரேஸ்: ஒருவழியாக மேடு வந்துவிட்டது

சேகாவின் பழைய கேம் கன்சோலான மெகா டிரைவுக்கு நானே எழுதிக்கொண்டிருக்கும் கார் ரேஸ் இது. நேற்று ராத்திரி நிஜ மெஷினில், சிஆர்டி (பழைய குழாய்) டிவியில், சாலை மேடேறி உச்சியில் மறைந்தது. உச்சியைத் தாண்டியதும் கீழே இறங்கும் சாலை மெல்லத் தலைகாட்டியது. விநாடிக்கு 60 ஃபிரேம், ஒன்றுகூடக் குறையவில்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளைவைப் பற்றி விளக்கப்போவதில்லை. சாலைப் படத்தை பிளேன் ஏ-வில் (திரையின் இரண்டு பின்னணி அடுக்குகளில் ஒன்று) வைத்து, திரையில் கோட்டுக்குக் கோடு ஹெச்-ஸ்க்ரோல் (பக்கவாட்டு நகர்வு) மாற்றி, கீழிருந்து மேலே கூட்டிக்கொண்டே போவது எல்லோருக்கும் தெரிந்த வேலை. 224 கோட்டுக்கு 896 பைட், விபிளாங்கில் (ஒரு ஃபிரேம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையான இடைவெளி) ஒரு டிஎம்ஏ (மொத்தமாக நகலெடுத்து அனுப்புவது), முடிந்தது. மேடுதான் உயிரை வாங்கியது.

நம்மில் பலர் ரோட் ராஷ் பைக் ரேஸை பிசியில்தான் ஆடியிருப்போம். அது முதலில் வந்தது 1991இல், இதே மெகா டிரைவில். அதன் மேடு பள்ளத்தை இன்று பார்த்தாலும் மரியாதை வருகிறது. ஆனால் ஓட்டம் திக்கித் திக்கித்தான் இருக்கும். எனக்கு மேடும் வேண்டும், வழுக்கிக்கொண்டு போகும் வேகமும் வேண்டும். சேகாவின் ஆர்கேட் கார் ரேஸான அவுட் ரன் போர்டில் (1986) சாலை வரையத் தனி சிப், ஸ்ப்ரைட்டை (கார், மரம் போன்ற நகரும் படங்கள்) பெரிதாக்கத் தனி சிப். கொடுத்து வைத்தவர்கள். இங்கே இருப்பது 7.67 மெகாஹெர்ட்ஸ் 68000 பிராசஸர் ஒன்று, ஸ்கேலிங் (படத்தைப் பெரிதாக்குவது) தெரியாத விடிபி என்ற வீடியோ சிப் ஒன்று.

கணக்கு இப்படி. சாலைப் படத்தில் 112 கோடு. அருகிலிருந்து தொலைவுக்கு ஒவ்வொரு கோடாக எடுத்து, அந்தத் தூரத்தில் தரையின் உயரத்தைச் சேர்த்து, திரையில் எந்த வரிசையில் விழுகிறது என்று பார்க்கிறேன். இதுவரை எட்டிய உச்ச வரிசைக்குக் கீழே விழுந்தால் அது மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, விட்டுவிடலாம். நடுவில் இடைவெளி விழுந்தால் அதே கோட்டை இழுத்து நிரப்ப வேண்டும். வளைவின் ஹெச்-ஸ்க்ரோல் மதிப்பையும் இந்தத் திரை வரிசையில்தான் எழுத வேண்டும். உயரத்தைத் தூரத்தால் வகுக்க நினைக்கவே வேண்டாம், வகுத்தல் கட்டளையான டிவ்எஸ் ஒன்று 158 சைக்கிள் (பிராசஸரின் கடிகாரத் துடிப்பு) வரை தின்னும். தூரங்களின் தலைகீழ் எண்களை (1/தூரம்) முன்பே அட்டவணையாக ரோமில் போட்டுவிட்டு, பெருக்கல் மட்டும் செய்கிறேன்.

இனி முக்கியமான இடம். எந்தத் திரைக்கோட்டில் படத்தின் எந்தக் கோடு வர வேண்டும் என்பதை வி-ஸ்க்ரோல்தான் (மேல்கீழ் நகர்வு) சொல்ல வேண்டும். ஹெச்-ஸ்க்ரோலுக்கு இருப்பதுபோல கோட்டுவாரி அட்டவணை இதற்குக் கிடையாது. ஹெச்-இன்ட்டில் (கோடு முடியும்போது வரும் இன்டரப்ட், அதாவது வேலையை இடைமறிக்கும் அழைப்பு) கோட்டுக்குக் கோடு நாமே விஎஸ்ரேமில் (வி-ஸ்க்ரோல் மதிப்பு இருக்கும் நினைவகம்) எழுத வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 488 சைக்கிள். மெகா டிரைவ் கேம் எழுத உதவும் எஸ்ஜிடிகே-யில், இந்த இன்டரப்ட்டுக்கான கால்பேக்கை சி-யில் எழுதினால் ரெஜிஸ்டரைச் சேமிப்பதும் எடுப்பதுமாகவே நேரம் போகிறது, ஹெச்பிளாங்கை (இரண்டு கோடுகளுக்கு நடுவிலான இடைவெளி) தாண்டி மதிப்பு எழுதப்பட்டு கோடுகள் நடுங்குகின்றன.

அதனால் அசெம்பிளி. ஆட்டோ இன்க்ரிமென்ட்டை (ஒவ்வொரு முறை எழுதியதும் முகவரி தானே நகரும் அளவு) பூஜ்யமாக்கி, விஎஸ்ரேம் முகவரியை ஃபிரேமுக்கு ஒரே ஒரு முறை விபிளாங்க் கடைசியில் வைத்துவிடுகிறேன். பிறகு ஒவ்வொரு இன்டரப்ட்டிலும் விடிபியின் டேட்டா போர்ட்டில் ஒரே ஒரு வேர்ட் (16 பிட்), அவ்வளவுதான். முகவரி நகராமல் அங்கேயே நிற்கும். இன்டரப்ட் நுழைவு, ஏ0 ரெஜிஸ்டர் சேமிப்பு, ஆர்டிஇ (திரும்பும் கட்டளை) எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 150 சைக்கிள். நிபந்தனை ஒன்றுதான்: படம் ஓடும்போது மெயின் புரோகிராம் விடிபி பக்கமே தலைவைக்கக் கூடாது. ஸ்ப்ரைட், டிஎம்ஏ எல்லாம் விபிளாங்குக்குள் முடிய வேண்டும்.

வானம் தெரியும் கோடுகளில் இன்டரப்ட் வீண்தானே, 80ஆவது கோட்டிலிருந்து தொடங்கலாமே என்பீர்கள். எத்தனை கோட்டுக்கு ஒரு இன்டரப்ட் என்று சொல்லும் விடிபி ரெஜிஸ்டர் 10இல் புதிய மதிப்பு எழுதினால் கவுன்டர் அடுத்த முறை நிரம்பும்போதுதான் அதை எடுத்துக்கொள்ளும். முதல் இன்டரப்ட்டில் பூஜ்யம் எழுதினாலும், பழைய 80 ஏற்கனவே ஏறியிருக்கும். போகட்டும் என்று 224 கோட்டுக்கும் ஓட விட்டிருக்கிறேன். என்டிஎஸ்சி (60 ஃபிரேம் டிவி முறை) ஃபிரேமில் மொத்தம் 1,27,856 சைக்கிள், அதில் கால்வாசி இதற்கே தானம். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. சாலையின் வெளிர், அடர் பட்டைகளுக்கு முன்பு கோட்டுக்குக் கோடு பேலட் (வண்ண அட்டவணை) மாற்றிக்கொண்டிருந்தேன், டிவியில் பொட்டுப் பொட்டாக வண்ணப் புள்ளிகள் தெரிந்தன. இப்போது இரண்டு சாலைப் படங்களை பிளேனில் மேலும் கீழுமாக வைத்துவிட்டேன். எந்தக் கோடு, எந்தப் பட்டை இரண்டையும் அதே ஒரு வேர்ட் சொல்லிவிடுகிறது. பேலட் வேலை மொத்தமும் போச்சு!

டிவி என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய சிஆர்டி வாங்கப் போகிறவர்கள் ஏவி-யில் என்டிஎஸ்சி கலராக வருகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். "எல்லாம் வரும் சார்" என்று ஒருவர் தலையில் கட்டிய செட்டில் எனக்குக் கறுப்பு வெள்ளைதான் வந்தது. ஆன்லைனில் வாங்கிய ஏவி கேபிளும் அப்படித்தான், அசைத்தால் இரைச்சல். வெட்டிவிட்டு நானே புதிய பின் பற்றவைத்தேன்.

எதிரிக் கார்கள் இன்னும் பாக்கி. ஒவ்வொரு காருக்கும் பல அளவுகளில் படம் வரைய வேண்டும், விபிளாங்கில் அனுப்ப முடிவதோ ஃபிரேமுக்கு ஏறத்தாழ 7 கிலோபைட். அதை விட்டுவிட்டு மனசு கொல்லிமலைக்கு ஓடுகிறது. 70 கொண்டை ஊசி வளைவு, ஒரு டிராக்குக்கு வேறென்ன வேண்டும்? இந்த முறையில் முழுக் கொண்டை ஊசியைக் காட்டவே முடியாது, சாலை திரைக்கு வெளியே போய்விடும். நன்றாக வளைத்தால் 512 பிக்சல் பிளேன் சுற்றிக்கொண்டு, தூரத்துச் சாலை மறுபக்கத்தில் முளைக்கிறது. 64க்கு 64 கட்ட (கட்டம் 8 பிக்சல்) பிளேனை 128க்கு 32 என்று மாற்றினால் விரேம் (வீடியோ நினைவகம்) அதே 8 கிலோபைட், அகலம் மட்டும் 1024. உயரம் 256 கோடு ஆகிவிடும், இரண்டு சாலைப் படங்களுக்கு 224 போக வானத்துக்குக் காலியாக 32 மிச்சம். பின்னணி மலையும் பிளேன் பி-யில் அதே அளவுக்கு மாற வேண்டும், அந்தப் படத்தைத்தான் இப்போது திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன். கார்கள் அடுத்த மாதம்.