"தொட்டாரா?"ன்னு கேட்டே என் மூணு மாசத்தை ஓட்டிட்டாங்க

ஆபீஸ்ல என் டீம் லீட் மேல நான் குடுத்த பாலியல் தொல்லைப் புகார் ஒரு வழியா போன வாரம் முடிஞ்சுது. எரிச்சல் இன்னும் அடங்கல, அதனால கோர்வையா வராது. பேர், கம்பெனி எதுவும் போடல, சட்டப்படி போடவும் கூடாது.

என் டீம் லீட் பெருசா ஒண்ணும் பண்ணிடலைன்னுதான் நானே ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். ராத்திரி பத்தரைக்கு வாட்ஸப்ல "தூங்கலையா", "அந்த நீலப் புடவை கண்ணுலயே நிக்குது". நான் பதிலே போட மாட்டேன். மறுநாள் மீட்டிங்ல "மேடம் நமக்கெல்லாம் ரிப்ளை பண்ண மாட்டாங்க"ம்பார், நாலு பேர் கூடச் சேர்ந்து சிரிப்பாங்க. ஒரு நாள் ஆபீஸ் கேப்ல (கம்பெனி வண்டி) பக்கத்துல உக்காந்து "அப்ரைசல் என் கையிலதான் இருக்கு, கொஞ்சம் ஃப்ரெண்ட்லியா இருந்தா உனக்குத்தான் நல்லது"ன்னார். அன்னைக்குதான் வயித்தைப் பிசைஞ்சுது.

ஹெச்ஆர்கிட்ட போனேன். அந்தம்மா கேட்ட முதல் கேள்வியே "தொட்டாராம்மா?" இல்லைங்கன்னேன். "அப்போ இது ஹராஸ்மென்ட்ல வராதும்மா, அவர் ஜாலி டைப், நான் பேசிக்கறேன்". கேப்ல நடந்தது ஆபீஸுக்கு வெளியிலயாம், அதுவும் கணக்குல வராதாம். நானும் நம்பி எந்திரிச்சு வந்துட்டேன் பாருங்க, அதை நெனச்சாதான் இப்பவும் பத்திக்கிட்டு வருது.

ரெண்டு மாசம் கழிச்சு, பணியிடத்துல பெண்களுக்கு நடக்கற பாலியல் தொல்லையைத் தடுக்கற 2013 சட்டத்தைத் தேடிப் படிச்சேன் (போஷ்னு எல்லாரும் சொல்றோமே, அதேதான்). தொடறது அதுல ஒரு வகை, அவ்வளவுதான். பாலியல் உறவுக்கு அழைக்கறது, ஆபாசமாப் பேசறது, ஆபாசப் படம் காட்டறது, நமக்குப் பிடிக்காத பாலியல் நோக்குள்ள பேச்சு, சைகை, நடத்தை எல்லாமே வருது. வேலையில சலுகை, பாதிப்புன்னு ஜாடையா சொல்லி மிரட்டறதைத் தனிப் பிரிவாவே போட்டிருக்காங்க, அப்ரைசல் டயலாக் அப்படியே அதுல உக்காந்துச்சு. கம்பெனி குடுக்கற வண்டியும் பணியிடம்தான்னு பச்சையா எழுதியிருக்கு. "அவர் தப்பா நெனச்சு சொல்லல"ன்னு ஒரு பல்லவி பாடுவாங்க பாருங்க, 2025 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றமே நோக்கம் முக்கியமில்ல, அந்தப் பொண்ணுக்கு அது எப்படி இருந்துச்சுங்கறதுதான் முக்கியம்னு சொல்லிடுச்சு. இதையெல்லாம் ஹெச்ஆர் நாற்காலியில உக்காந்திருக்கவங்களுக்கு நான் பிரிண்ட் எடுத்துக் காட்ட வேண்டியதாப் போச்சு.

பெரிய ஆப்பு வேற இடத்துல இருந்துச்சு. கடைசியா நடந்த சம்பவத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள, இந்தப் புகார்களை விசாரிக்கற கம்பெனி கமிட்டிகிட்ட எழுத்துல புகார் குடுக்கணும். "நான் பேசிக்கறேன்" எல்லாம் புகார்ல சேராது, வாயால சொன்னது காத்தோட போயிடும். நான் எண்ணிப் பார்த்தப்போ 86-வது நாள். (தாண்டிட்டா இன்னொரு மூணு மாசம் வரைக்கும் கமிட்டி நீட்டிக்கலாம், ஆனா தாமதத்துக்குச் சரியான காரணம் இருக்கணும், அந்தத் தலைவலி வேண்டாம்.)

அவசரமா பேன்ட்ரி பக்கத்து போர்டுல கமிட்டி விவரம் பார்த்து மெயில் போட்டா திரும்பி வந்துடுச்சு. தலைவின்னு போட்டிருந்தவங்க வேலையை விட்டே ஒரு வருஷமாச்சாம்! அட்மின்ல விசாரிச்சு புது ஆளைக் கண்டுபிடிச்சு புகாரோட ஒரே ஒரு நகலை எடுத்துட்டுப் போனா, "ஆறு நகல் வேணுமே"ன்னாங்க. விதியிலயே அப்படித்தான் இருக்கு, முதல்லயே சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சம். ஸ்க்ரீன்ஷாட், சாட்சிகள் பேர், அட்ரஸ் எல்லாம் கூடவே வைங்க. கைல வாங்கினேன்னு ஒரு கையெழுத்து வாங்காம நகராதீங்க.

டீம் லீடுக்கு நோட்டீஸ், அவரோட பதில் எல்லாம் தேதி தப்பாம நடந்துச்சு.

சாட்சின்னு நான் நம்பின பொண்ணு "அக்கா, என்னை இழுத்து விட்டுடாதீங்க"ன்னு அழுதா. அவ மேல கோவமில்ல, எவனோ "நிரூபிக்க முடியலைன்னா பொய்ப் புகார்னு உங்க மேலயே ஆக்ஷன்"னு பயமுறுத்தியிருக்கான். அது சுத்தப் பொய். நிரூபிக்க முடியாமப் போறது வேற, வேணும்னே பொய் சொல்றது வேற, சட்டத்துலயே பிரிச்சு எழுதியிருக்கு. அந்தப் பக்கத்தை அவளுக்கு வாட்ஸப்ல அனுப்பினேன், மூணு நாள் கழிச்சு அவளே வந்து கேப்ல கேட்டதைச் சொன்னா.

முதல் சிட்டிங்லயே கமிட்டியில ஒருத்தர் "ஒரு சாரியோட முடிச்சுக்கலாமேம்மா"ன்னு ஆரம்பிச்சார். வெளியில இருந்து வந்த உறுப்பினர் (ஒரு தொண்டு நிறுவனத்துல இருந்து, வயசான அம்மா) கண்ணாடியைக் கழட்டி மேசையில வெச்சுட்டு, "சமரசம் வேணும்னு அந்தப் பொண்ணு கேட்டாங்களா?"ன்னு ஒரே கேள்விதான். ரூம்ல ஏசி சத்தம் மட்டும் கேட்டுச்சு. நாமளா கேட்டாதான் சமரசம், அதுலயும் பணம் பேசவே கூடாது.

இன்னொண்ணு, விசாரணை நடக்கும்போதே டீம் லீட் எனக்கு அப்ரைசல் போடக் கூடாதுன்னு எழுதிக் கேட்டேன், குடுத்தாங்க. இடமாற்றம், லீவு கூடக் கேக்கலாம். கேக்கலைன்னா ஒருத்தரும் தானா தர மாட்டாங்க.

விசாரணையை 90 நாளைக்குள்ள முடிக்கணும், 84-ல முடிச்சாங்க. அவருக்கு எழுத்துல எச்சரிக்கை, இன்க்ரிமென்ட் கட், வேற டீம். ஹெச்ஆர் அம்மா லிஃப்ட்ல பார்த்தா இப்பல்லாம் போனை நோண்டறாங்க. போர்டுல புதுத் தலைவி பேரை பழைய பேர் மேலயே ஸ்டிக்கரா ஒட்டிட்டாங்க, மெயில் ஐடி மட்டும் இன்னும் பழசுதான்.