விளம்பரத்துக்குத் தீர்ப்புச் சொல்பவர்கள் யார்?

மூன்று மொழிகளில் வெளிவரும் விளம்பரங்களின் தமிழ்ப் பகுதியை எழுதுவது 18 ஆண்டுகளாக என் தொழில். கொழும்பில் இந்த வேலையைச் செய்பவர்கள் எல்லோருக்கும் அதன் ஒழுங்கு தெரியும். முதலில் ஆங்கிலத்தில் மூலப் பிரதி எழுதப்பட்டு வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெறும். பிறகு சிங்களம் வரும். கடைசியாக, அச்சகத்துக்குப் போவதற்கு முந்திய இரவில், தமிழ் கேட்கப்படும். அதற்குள் பக்கம் வடிவமைக்கப்பட்டு முடிந்திருக்கும் என்பதால், மற்ற இரண்டு மொழிகளும் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய கட்டத்துக்குள் தமிழ் அடங்கியாக வேண்டும். வடிவமைப்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் வாசிக்கத் தெரியாது. வரி நீண்டுவிட்டது, இரண்டு சொற்களைக் குறைத்துத் தாருங்கள் என்று தொலைபேசியில் கேட்பார். எந்த இரண்டு சொற்கள் என்பதை அவர் கேட்பதில்லை, நானும் பல ஆண்டுகளாக அதைப் பெரிதாக யோசித்ததில்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்கான ஒரு சத்துமாவின் துண்டுப் பிரசுரம்தான் என்னை யோசிக்க வைத்தது. வைத்தியரின் ஆலோசனையுடன் பின்பற்றும் உணவுத் திட்டத்தின் ஒரு பகுதியாக, இரத்தத்தில் சீனியின் அளவைப் பேணுவதற்கு இது துணைபுரியலாம் என்பது ஆங்கில வாசகத்தின் கருத்து. அதை நான் ஒழுங்காகத்தான் தமிழாக்கினேன். ஆனால் அது மூன்று வரிகளுக்கு நீண்டது. கட்டமோ ஒரு வரிக்குரியது. முதலில் வைத்தியர் போனார், பிறகு உணவுத் திட்டம் போனது, கடைசியில் ‘துணைபுரியலாம்’ என்ற சொல்லும் போனது. ‘சீனியைக் கட்டுக்குள் வைத்திருக்கும்’ என்று எஞ்சியதே அச்சானது. நிபந்தனை முழுவதும் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் எளிதில் தெரியாத எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது.

அந்தப் பிரசுரம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மாவின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தப் பொத்தான் ஒன்றின் கீழ் இருந்ததை மூன்று மாதங்களுக்குப் பிறகு கண்டேன். அவர் சத்துமாவைக் குடித்துக்கொண்டு இரவுக் குளிசையை நிறுத்தியிருந்தார். கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோதுதான் அது வெளியே வந்தது. ‘குளிசையை விடச் சொல்லி அதில எழுதேல்லைப் பெரியம்மா’ என்றேன். ‘கட்டுக்குள்ள வைச்சிருக்கும் எண்டுதானே பிள்ளை எழுதியிருக்கிறாய், பிறகென்னத்துக்குக் குளிசை?’ என்று கேட்டார். அவர் வாசித்த தமிழில் பிழை எதுவும் இல்லை. அந்த வரிக்கு வேறு பொருள் கிடையாது.

இப்படியொரு பிரசுரத்தைப் பற்றி யாராவது முறைப்பாடு செய்தால், அதை மேசையில் வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் யாராக இருப்பார்கள் என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. வெளிநாடுகளில் விளம்பரங்களை ஒழுங்குபடுத்தும் சபைகளின் தீர்ப்புகளை வாசிக்கத் தொடங்கினேன். தீர்ப்புகளைக் காட்டிலும், அவற்றை வழங்குபவர்களின் பின்னணிதான் என் கவனத்தை மேலும் மேலும் ஈர்த்தது.

பிரித்தானியாவின் விளம்பரத் தர நிர்ணய அதிகார சபை 1962 இல் உருவானது. அதன் முதல் தலைவர் சேர் ஆர்னோல்ட் பிளான்ட், இலண்டன் பொருளியல் கல்லூரியின் பேராசிரியர். பின்னாளில் அந்தப் பதவியை வகித்தவர்களில் போரி பிரபு, சட்டப் பேராசிரியராக இருந்து 1976 முதல் 1992 வரை நியாய வர்த்தகப் பணிப்பாளர் நாயகமாகக் கடமையாற்றியவர். அவருக்குப் பின் 2007 முதல் 2017 வரை தலைவராக இருந்த ஸ்மித் பிரபு முன்னாள் கலாசார அமைச்சர். வேர்ட்ஸ்வேர்த், கோல்ரிட்ஜ் ஆகிய கவிஞர்களைப் பற்றி ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவரை அடுத்து வந்த கரி பிரபு, தொலைத்தொடர்பு, ஒலிபரப்பு ஆகியவற்றின் ஒழுங்குறுத்துநரான ‘ஒஃப்கொம்’ அமைப்பின் முதல் தலைவராக இருந்த பொருளியலாளர். சட்டமும் பொருளியலும் அரசியலும் மாறி மாறி அமர்ந்த அந்த நாற்காலியில் கவிதை படித்த ஒருவரும் பத்து ஆண்டுகள் இருந்திருக்கிறார் என்பது எனக்கு மகிழ்ச்சியளிக்கிறது. ஒரு சொல் வாசிப்பவரின் மனத்தில் என்ன செய்யும் என்பதே இந்தச் சபையின் முன் வரும் வழக்குகளில் பெரும்பாலானவற்றின் கேள்வி; கவிதை வாசிப்பவர் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பதும் அதே கேள்விதான்.

தலைவரைவிட முக்கியமானது சபையின் கலவை. உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் விளம்பரத் தொழிலுடன் தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும். எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினர் அத்தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்கள். வெளியிலிருந்து வருபவர்கள் கல்வி, சுகாதாரம், தொண்டு நிறுவனங்கள், நுகர்வோர் பாதுகாப்பு என்று பல துறைகளைச் சேர்ந்தவர்கள். வெற்றிடங்கள் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன. உறுப்பினர்களுக்கு வேறு எங்கெங்கு ஈடுபாடுகள் உண்டு என்பதும் பதிவேடாக வெளியிடப்படுகிறது. முறைப்பாட்டை விசாரித்து விதந்துரை தயாரிப்பது உத்தியோகத்தர்களின் வேலை. முறையான விசாரணைக்குப் போன விடயத்தில் இறுதித் தீர்மானம் சபையினுடையது.

இந்தச் சபைக்குத் தண்டப்பணம் விதிக்கும் அதிகாரம் கிடையாது. விளம்பரத்தை மீளப் பெறச் சொல்லலாம், தீர்ப்பை நிறுவனத்தின் பெயருடன் பகிரங்கப்படுத்தலாம். புதன்கிழமைதோறும் தீர்ப்புகள் வெளியாகின்றன. பணமோ விளம்பரத் தொழிலிடமிருந்துதான் வருகிறது: விளம்பரச் செலவில் 0.1 சதவீதம், அதாவது 1000 பவுணுக்கு ஒரு பவுண், தீர்வையாக அறவிடப்படுகிறது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தீர்ப்பளிப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அதைச் சேகரிக்கும் பொறுப்பு வேறொரு அமைப்பிடம் விடப்பட்டிருக்கிறது. இப்படித் தொழிலின் பணத்தில் இயங்கி, தண்டம் விதிக்காமல், சொல்லின் வலிமையை மட்டும் நம்பியிருக்கும் ஒரு சபைக்கு, அதில் அமர்ந்திருப்பவர்கள் யார் என்பதுதான் மூலதனம் என்று நினைக்கிறேன்.

விளம்பரத் தொழிலிலிருந்து வருபவர்களே இருக்கக் கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. அவுஸ்திரேலியாவில் ஏறக்குறைய அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அங்கு 1998 முதல் இயங்கும் முறையில், பொதுமக்களின் முறைப்பாடுகளைக் கேட்கும் குழுவில் விளம்பரத் தொழில் சார்ந்தவர்களுக்கு இடமில்லை. வயது, பால், வாழும் இடம், தொழில் ஆகியவற்றில் வேறுபட்ட சாதாரண மக்களே அதில் இருக்கிறார்கள். ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் மீது கொண்டுவரும் வழக்குகள் சட்டத்தரணிகளைக் கொண்ட தனிக் குழுவுக்குப் போகின்றன. 1985 இல் தொடங்கிய இந்தியாவின் விளம்பரத் தர நிர்ணய சபையில் இரு தரப்பினரும் ஒன்றாகவே இருக்கிறார்கள் என்றாலும், முறைப்பாட்டுக் குழுவில் தொழிலுக்கு வெளியே உள்ளவர்களுக்கே பெரும்பான்மை.

நான் பிரித்தானியரின் கலவையின் பக்கம் நிற்பவள். அதற்குக் காரணம் பெரியம்மாவின் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த அந்தத் தாள்தான். அதை அப்படியொரு சபையின் முன் வைத்ததாக நினைத்துப் பார்க்கிறேன். வைத்தியர் மாவின் உட்பொருள்களைப் பார்ப்பார். குளிசைக்கு இது மாற்றாகாது என்பதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். சட்டத்தரணி மூலப் பிரதியைக் கேட்டு வாங்கி வாசிப்பார். அதில் ‘துணைபுரியலாம்’ என்பதும், வைத்தியரும், நட்சத்திரக் குறியும் எல்லாம் சரியாக இருப்பதைக் காண்பார். அந்த இடத்தில் வழக்கு முடிந்துவிடக்கூடிய அபாயம் இருக்கிறது. விளம்பரத் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்த ஒருவர் மேசையில் இருந்தால் அவர் அப்படி முடிய விடமாட்டார். அடிக்குறிப்பு எதற்காக அடியில் போகிறது என்பதும், எந்தச் சொல் இடப் பற்றாக்குறையால் வெட்டப்பட்டது, எந்தச் சொல் விற்பனைக்காக வெட்டப்பட்டது என்பதும் அவருக்குத்தான் தெரியும். என்னைப் போன்ற ஒருத்தியிடம் இரவு எட்டு மணிக்கு என்ன கேட்கப்பட்டிருக்கும் என்பதை அவர் தாளைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அந்தத் தமிழ் வரி ஒரு வயோதிபப் பெண்ணின் காதில் எப்படி விழுந்தது என்பதை இவர்களில் எவரும் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்கு, தமிழில் வாசித்து, தமிழில் கணக்குப் பார்த்து, தமிழில் குளிசைப் பெட்டியைத் திறந்து மூடும் வீடுகளை அறிந்த ஒருவர் தேவை.

பிரித்தானிய விதிகளின்படி விளம்பரம் சராசரி நுகர்வோர் ஒருவரின் பார்வையிலிருந்து மதிப்பிடப்படுகிறது. அது குறிப்பிட்ட ஒரு பிரிவினரை நோக்கியதானால் அந்தப் பிரிவின் சராசரி மனிதரின் பார்வையிலிருந்து. மிக நல்ல விதி. ஆனால் அந்தச் சராசரி மனிதர் கூட்டத்துக்கு வருவதில்லை. அவரை ஒவ்வோர் உறுப்பினரும் தாம் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்தே கற்பனை செய்கிறார்கள். நோயாளர் விடுதியில் கழித்த ஆண்டுகளிலிருந்து ஒருவரும், வகுப்பறையிலிருந்து ஒருவரும், நீதிமன்றத்திலிருந்து ஒருவரும் வெவ்வேறு சராசரி மனிதர்களைக் கொண்டுவருவார்கள். எல்லோரும் ஒரே பாடசாலையில், ஒரே மொழியில் படித்து, ஒரே வட்டாரத்தில் வளர்ந்தவர்களாக இருந்தால், எத்தனை தொழில்களைச் சேர்ந்தவர்கள் கூடினாலும் வருவது ஒரே மனிதர்தான்.

நம் நாட்டில் இத்தகைய முறைப்பாட்டைக் கொண்டுபோகக்கூடிய இடங்களில் முதன்மையானது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது வழிநடத்தக்கூடிய நடத்தையை வர்த்தகர்களுக்குத் தடை செய்கிறது. 31 ஆம் பிரிவு பொய்யான கூற்றுகளைப் பற்றியது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம். இந்தச் சபைக்குத் தண்டனைக்குரிய சட்டத்தின் பலம் உண்டு என்பதால், தொழில் தன்னைத் தானே ஒழுங்குபடுத்தும் இலண்டன் முறையிலிருந்து இது வேறானது. என்றாலும், உறுப்பினர்கள் எந்தத் துறைகளில் தகைமையும் அனுபவமும் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கைத்தொழில், சட்டம், பொருளியல், வர்த்தகம், நிர்வாகம், கணக்கியல், விஞ்ஞானம், சுகாதாரம் என்று அது போகிறது. விலையையும் தரத்தையும் பதுக்கலையும் கவனிக்க வேண்டிய ஒரு சபைக்கு இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் அந்த வரிசையில் மொழி இல்லை. ஆசிரியர் இல்லை, ஊடகம் இல்லை. 1987 இல் 13 ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியான ஒரு நாட்டில், ஒரே விளம்பரம் மூன்று மொழிகளில் மூன்று விதமான வாக்குறுதிகளைத் தர முடியும் என்பதைத் தொழிலாகவே அறிந்த ஒருவர் மேசையில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

முழுமையான தடை உள்ள இடத்தில் இது பெரிய குறையல்ல. புகையிலையும் மதுவும் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் விளம்பரத்திலிருந்து விலக்கப்பட்டன. சிகரெட் விளம்பரமா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்கக் கவிதை படித்தவர் தேவையில்லை. விற்கலாம், விளம்பரப்படுத்தலாம், ஆனால் மிகைப்படுத்தக் கூடாது என்ற பரப்பில்தான் சத்துமாவும் நிலையான வைப்பும் வெளிநாட்டுப் படிப்பும் கூந்தல் தைலமும் இருக்கின்றன. அங்கு எல்லாமே ஒரு சொல்லின் பொருளில் தங்கியிருக்கிறது.

அந்தப் பிரசுரத்தைப் பற்றி நான் முறைப்பாடு செய்யவில்லை. எழுதியவளே நான்தான் என்பதும், அடுத்த மாத வேலையும் அதே நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும் என்பதும் காரணங்கள். மறுபதிப்பில் அந்த வரியை மாற்றித் தரும்படி கேட்டேன், மறுபதிப்பு வரவேயில்லை. பெரியம்மா இப்போது இரவுக் குளிசையைத் தவறாமல் எடுக்கிறார். அவர் சத்துமா வாங்கிய அந்த ஆறு டப்பாக்களின் பணத்தை நான் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

அன்று தொடங்கிய வழக்கம் ஒன்று இன்றும் தொடர்கிறது. எழுதி முடித்த ஒவ்வொரு பிரதியையும் அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். சென்ற வாரம் நிதி நிறுவனம் ஒன்றின் நிலையான வைப்புக்கான விளம்பரம். வட்டி இத்தனை சதவீதம் வரை என்று இருந்தது. ‘வரை எண்டால் எனக்கு எவ்வளவு கிடைக்கும், பிள்ளை?’ என்று கேட்டார். மூலப் பிரதியில் அதற்கு விடை இல்லை. அவருடைய கேள்வியை அப்படியே பிரதியின் ஓரத்தில் குறிப்பாக எழுதி விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் அந்த வரியை முடிக்க வேண்டும்.